உண்மை சொன்ன பாலடின்: கும்பகோணத்து ஆட்டக்குழு ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் ஞாயிறுதோறும் மாலையில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிவந்த ஐவர் குழு ஒன்று, கார்த்திகை மாதத்தில், கதை நடுவழியில் நிற்க ஆட்டத்தை நிறுத்திவிட்டது. கதைக்குள் ஒரு காவல் தலைவன் கேள்வி கேட்டான். பாலடின், அதாவது ஏற்ற சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட போர்வீரன் பாத்திரத்தை ஆடியவர், உண்மையைச் சொன்னார். அந்தப் பதிலால் அதே குழுவைச் சேர்ந்த ரோக், அதாவது பூட்டுத் திறப்பதிலும் ஓசையின்றி நடப்பதிலும் தேர்ந்த பாத்திரம், தூக்குத் தண்டனைக் கைதியானது. ரோக்கை ஆடியவர் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். தஞ்சாவூரில் வேறொரு குழுவுக்கு ஆட்டம் நடத்துபவன் என்ற முறையில், வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று இரு தரப்பினரும் என்னை அழைத்தார்கள். குழுவின் ஆட்டக் குறிப்பேட்டைப் படித்தும், ஐவரிடமும் தனித்தனியே பேசியும், ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது உடனிருந்து பார்த்தும் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், அவரவர் ஆடும் பாத்திரத்தைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஒருவர் கதையின் உலகத்தையும் அதில் வரும் மற்ற மாந்தரையும் நடத்துவார், அவரை டி.எம். என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன சொல்கிறது, என்ன செய்கிறது என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை தீர்மானிக்கும். பலகை கட்டாயமில்லை, வெல்வது தோற்பது என்ற கணக்கும் பெரும்பாலும் இல்லை.

இக்குழுவின் டி.எம். பள்ளியில் தமிழ் நடத்தும் ஆசிரியர். பாலடினை ஆடுபவர் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருப்பவர், குழுவில் மூத்தவர். ரோக்கை ஆடுபவர் பொறியியல் இறுதியாண்டு மாணவர். மந்திரவாதியை ஆடுபவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ரேஞ்சரை, அதாவது காட்டுவழி அறிந்த வேட்டை வீரனை, ஆடுபவர் செவிலியர். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுக்க முடியாது என்று நாளெல்லாம் சொல்லிப் பழகிய மனிதர் பாலடினாக வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அது விளக்கமாகப் படவில்லை. அவர் அந்தப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம் எளியது: வாளும் இருக்க வேண்டும், அந்த வாளை எப்போது உறையிலிருந்து எடுக்கலாம் என்று தன்னைக் கட்டுப்படுத்தும் சத்தியமும் இருக்க வேண்டும் என்றார்.

அந்தச் சத்தியத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ஆட்டம் வெளியானபோது அதில் பாலடின் இல்லை. அடுத்த ஆண்டில் வந்த இணைப்பு நூலில்தான், போர்வீரனின் சிறப்பு வகையாகப் பாலடின் நுழைந்தான். 1978-ல் வந்த மேம்பட்ட பதிப்பு அவனைச் சுற்றி வேலியை இறுக்கியது. பாத்திரத்தின் ஆளுமை ஈர்ப்பை அளக்கும் கவர்ச்சி எண் 17-க்குக் குறையக் கூடாது; மூன்று பகடைகளை மட்டும் உருட்டினால் அந்த எண்ணோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 216-ல் 4 தான். மாயப் பொருள்கள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. வருவாயில் பத்தில் ஒரு பங்கைச் சமய அறநிலையத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். தீய குணம் கொண்டவரோடு சேர்ந்து திரியக் கூடாது. ஒழுங்கை மீறினால் உயர்நிலைக் குருவிடம் சொல்லிக் கழுவாய் தேடலாம். அறிந்தே தீமை செய்தால் பாலடின் என்ற நிலையே என்றென்றைக்கும் போய்விடும். அதன்பின் அவன் வெறும் போர்வீரன்.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பும் இந்தக் கண்டிப்பைப் பெரும்பாலும் காத்தது: முறையான அதிகாரத்தை மதிக்க வேண்டும், பொய் கூடாது, ஏமாற்றக் கூடாது, நஞ்சு பயன்படுத்தக் கூடாது, எளியோருக்கு உதவ வேண்டும், அப்பாவிகளைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்க வேண்டும். 2008-ன் நான்காம் பதிப்பில் தவறிய பாலடினின் ஆற்றலைத் தெய்வம் பறிப்பதில்லை. அவனைத் தண்டிப்பது அதே நெறியைச் சேர்ந்த மற்றவர்களின் வேலை. 2014-ன் ஐந்தாம் பதிப்பில் ஒரே சட்டம் என்பது போய், பாலடின், அனுபவம் கூடக்கூட ஏறும் நிலைகளில் மூன்றாவதை எட்டும்போது தனக்குரிய சத்தியம் ஒன்றை ஏற்கிறான். கும்பகோணத்துக் குழு ஆடுவது இந்தப் பதிப்பை. பாலடின் ஆட்டக்காரர் ஏற்றது பக்திச் சத்தியம்; பழைய பாலடினுக்கு மிக நெருங்கியது அதுதான். வாய்மை, துணிவு, கருணை, கண்ணியம், கடமை என ஐந்து நெறிகள் அதில் உள்ளன. எது முதல், எது பின் என்ற வரிசை மட்டும் இல்லை. சிக்கல் அங்கேதான் முளைத்தது.

முகாமும் களஞ்சியமும்

டி.எம். அமைத்த கதையில் பேராறு ஒன்று கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்துவிட்டது. கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகும் நாட்களில் படுகை ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடங்களில் வந்து தங்குவதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், வெள்ள முகாமை அவர் நன்றாகவே வருணித்திருக்கிறார்: ஈரச் சாக்குகளின் நாற்றம், கஞ்சிக்கு நிற்கும் வரிசை, ஆட்டுக்குட்டியை விட்டுவர மறுத்த கிழவி. முகாமில் ஒன்பது பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். பாலடின் அப்போது நான்காம் நிலையில் இருந்தான். தொட்டுக் குணப்படுத்தும் ஆற்றல் நிலைக்கு ஐந்து புள்ளி வீதம் அவனிடம் இருபது புள்ளிகள் இருந்தன. நோய் ஒன்றைத் தீர்க்க ஐந்து புள்ளி செலவாகும்; ஆகவே அன்றைக்கு நால்வரைத்தான் காப்பாற்ற முடியும்.

அவர் இருபதையும் கொடுத்துவிட்டார். தனக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. யார் அந்த நால்வர் என்று டி.எம். கேட்டபோது, செவிலியரான ரேஞ்சர் ஆட்டக்காரரிடம் திரும்பி, யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் மருத்துவமனையில் செய்வதைப் போலவே வரிசைப்படுத்திச் சொன்னார். அன்றிரவு பிணந்தின்னிகள் முகாமைத் தாக்கின. பாலடின் அடிபட்டு விழுந்தான். உயிர் தங்குமா என்பதற்கான பகடையில் முதலில் 7, அடுத்து 4. பத்துக்குக் கீழே இன்னொரு முறை விழுந்தால் சாவு. அந்த நேரத்தில் தப்பியோட வழி இருந்தும் ஓடாமல் திரும்பி வந்து, சேற்றில் அவனை இழுத்துப்போய்க் குருதியைக் கட்டுப்படுத்தி உயிரைத் தங்கவைத்தது ரோக்.

குறிப்பேட்டில் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் மூன்று பேர் தனித்தனிக் கையெழுத்தில் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து தங்களுக்கு மிகவும் பிடித்த மாலை அதுதான் என்று ஐவருமே என்னிடம் சொன்னார்கள். பாலடினின் கண்டிப்பைப் பற்றி அன்று ஒருவருக்கும் குறையில்லை.

பின்னர் முகாமில் தானியம் தீர்ந்தது. ஆற்றங்கரை மேட்டில் நீதித் தெய்வத்தின் கோயிலுக்குரிய நெற்களஞ்சியம் இருந்தது. கோட்டைத் தலைவனின் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டிருந்தது. கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அன்றிரவு ரோக் தனியாகப் போய் முத்திரையை உடைத்துப் பன்னிரண்டு மூட்டைகளை முகாமுக்குக் கடத்தியது. பாலடினிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. தெரிந்தால் அவருக்குச் சங்கடம் என்று வேண்டுமென்றே மறைத்ததாக மாணவர் கூறுகிறார். ஆனால் விடியற்காலையில் மூட்டைகளில் இருந்த கோயில் முத்திரையைப் பாலடின் பார்த்துவிட்டார். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி கொதித்தது, பிள்ளைகள் குடித்தார்கள்.

நண்பகலில் காவல் தலைவன் வந்தான். எல்லோரையும் விட்டுவிட்டுப் பாலடினை நோக்கிக் கேட்டான்: முத்திரையை உடைத்தவர் உங்கள் கூட்டத்தில் உண்டா? பாலடின் ஆட்டக்காரர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உண்டு” என்றார். யார் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் பதில் சொன்னார். அதன்பின் மேசையில் நடந்த உரையாடலை மந்திரவாதி ஆட்டக்காரர் நினைவிலிருந்து எனக்குச் சொன்னார். மற்ற இருவரும் அப்படித்தான் நடந்தது என்று உறுதிப்படுத்தினார்கள்.

“ஏண்ணே, வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்ல?”

“பொய் சொல்ல மாட்டேன்னு மொத நாளே சொல்லிட்டேன்லடா. தெரிஞ்சுதான சேர்ந்தே?”

“பொய் சொல்லச் சொல்லலண்ணே. சேத்துல உங்கள இழுத்துட்டுப் போனேன்ல, அத நெனச்சுப் பாத்தீங்களா?”

“அது வேற, இது வேற. என் கேரக்டர் இப்படித்தான் செய்யும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தோடு மாணவர் எழுந்துவிட்டார். அன்று ரோக் கைதானதோடு காவலர்கள் நிற்கவில்லை என்பதையும் குறிப்பேடு பதிவு செய்கிறது. முகாமில் மிச்சமிருந்த எட்டு மூட்டைகளையும் அவர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். நான் பேசும்வரை பாலடின் ஆட்டக்காரர் இதைக் கவனித்திருக்கவே இல்லை. சண்டை முழுவதும் ரோக்கைப் பற்றியே நடந்ததால், வேறு யாரும் கவனிக்கவில்லை.

பொய்யாமையும் பதில் சொல்வதும்

பாலடின் ஆட்டக்காரரின் வாதம் இது: கேட்ட கேள்விக்கு மௌனமாக இருப்பதும் மறைப்பதுதான், மறைப்பதும் பொய்தான். மந்திரவாதி ஆட்டக்காரர் இதை எதிர்த்து, நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்ற குறளை எடுத்து வைத்தார். நல்ல குறள், இங்கே பலவீனமான வாதம். ஏற்ற சத்தியம் பொய் கூடாது என்கிறது. அதைக் குறளால் தளர்த்தினால் பாலடின் என்ற பாத்திரத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதாகும். சத்தியத்தை அப்படியே வைத்துக்கொண்டு வழி இருந்ததா என்பதே கேள்வி.

இருந்தது. அதுவும் அவர் கையிலேயே இருந்தது. களஞ்சியத்து நிகழ்வின்போது பாலடின் ஐந்தாம் நிலையை எட்டியிருந்தான். பக்திச் சத்தியம் ஏற்றவருக்கு அந்த நிலையில் கிடைக்கும் மந்திரங்களில் ஒன்று, ஒரு வட்டத்துக்குள் இருப்பவர் அறிந்து பொய் பேச முடியாமல் செய்வது. அந்த மந்திரத்தின் விதியைப் பார்த்தால், அதில் அகப்பட்டவர் பொய் பேச முடியாதே தவிர, பதில் சொல்ல மறுக்கலாம். உண்மையின் எல்லைக்குள் நின்று சுற்றி வளைத்தும் பேசலாம். தெய்வம் கொடுத்த மந்திரமே பொய்யாமைக்கும் பதில் கூறுவதற்கும் நடுவே கோடு கிழித்திருக்கிறது. வட்டத்துக்குள் அகப்பட்ட கள்வனுக்கு ஆட்டம் விட்டுவைத்த அந்த இடத்தைச் சத்தியம் ஏற்றவர் தனக்கு மறுத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. “தெரியும், சொல்ல மாட்டேன்” என்று காவல் தலைவனிடம் நேராகச் சொல்லியிருந்தால், அதில் ஒரு துளிப் பொய்யும் இல்லை. காவல் தலைவன் அவரைத்தான் பிடித்துக்கொண்டு போயிருப்பான்.

ஐந்து நெறிகளில் கடமை என்பது முறையான அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதோடு முடிவதில்லை. தன் செயலின் விளைவுக்குத் தானே பொறுப்பேற்பது, தன் பாதுகாப்பில் இருப்பவரைக் காப்பது ஆகிய இரண்டும் அதே நெறியில் அடக்கம். இயன்ற அளவு நன்மை செய்து, மிகக் குறைந்த தீங்கு விளைவிப்பது கண்ணியத்தின் கீழ் வருகிறது. பாலடின் ஆட்டக்காரர் ஐந்தில் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டார் என்று சொல்வது கடுமையாக இருக்கலாம். ஆனால் முகாமிலிருந்து போன எட்டு மூட்டைகள் அதைத்தான் காட்டுகின்றன. விடியற்காலையில் முத்திரையைப் பார்த்தும் மௌனமாக இருந்தவர், நண்பகலில் மௌனமும் பொய் என்று சொல்வது எப்படி என்ற கேள்வியும் உண்டு. இதை நான் எழுப்பியபோது அவர் சிரித்துவிட்டார்; விவாதிக்கவில்லை.

இதே வகையைச் சேர்ந்த வேறோர் ஆட்டமான பாத்ஃபைண்டரின், 2019-ல் வெளியான இரண்டாம் பதிப்பு இந்த வரிசைச் சிக்கலுக்கு நேரடியாகத் தீர்வு எழுதியிருக்கிறது. அங்கே பாலடினின் நெறிகள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டுள்ளன. இரண்டு மோதினால் மேலே உள்ளதே நிற்கும். தீமை செய்யாமை முதலாவது. அப்பாவிக்கு அறிந்தே தீங்கு செய்யாமையும், தன்னால் தடுக்கக்கூடிய உடனடித் தீங்கைப் பார்த்துக்கொண்டு இராமையும் இரண்டாவது. பொய்யாமையும் சட்டத்தை மதிப்பதும் அவற்றுக்குக் கீழே வருகின்றன. தொலைவில் என்றோ நேரக்கூடிய தீங்குக்காக ஓடி அலைய வேண்டியதில்லை என்பதையும் அந்த நூல் சொல்லிவிடுகிறது. ரோக் அப்பாவியா என்பதில் வழக்காடலாம். பூட்டை உடைத்தது உண்மை. முகாமில் இருந்த பிள்ளைகள் அப்பாவிகள் என்பதில் வழக்கில்லை.

டி.எம். பக்கத்திலும் சொல்ல வேண்டியது உண்டு. காவல் தலைவன் வேறு யாரையும் கேட்காமல் பாலடினை மட்டும் கேட்டது தற்செயல் அல்ல. பாலடின் எப்படிப் பதில் சொல்வார் என்று பார்ப்பதற்காகவே அந்தக் காட்சியை அமைத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். இது டி.எம்.கள் பலருக்கும் உள்ள பழக்கம். கண்டிப்பான பாத்திரம் ஒன்று மேசைக்கு வந்துவிட்டால் அதை உடைத்துப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் பாவம் என்ற பொறி வைக்கிறார்கள். பழைய பதிப்புகளில் ஆற்றல் பறிபோகும் என்ற விதி இருந்ததால் அந்தப் பொறிக்குப் பல் இருந்தது. ஐந்தாம் பதிப்பில் தவறியவர் இரவு முழுவதும் வழிபாட்டில் விழித்திருந்தோ நோன்பிருந்தோ கழுவாய் தேடிக்கொள்ளலாம். மனம் வருந்தாமல் வேண்டுமென்றே தொடர்ந்தால்தான் விளைவு கடுமையாகும். விதி இவ்வளவு இளகிய பின்பும் பழைய பொறியை வைத்தால், அடிபடுவது பாலடின் அல்ல, பக்கத்தில் நிற்பவர்.

விலை கொடுப்பவர் யார்

களஞ்சியக் காட்சிக்கு டி.எம். எடுத்துக்கொண்ட மூலம் கோட்புலி நாயனார் கதை. பெரியபுராணத்தில் வரும் அவர் நாட்டியத்தான்குடியைச் சேர்ந்தவர். சோழன் படையில் தலைவர். சிவன் கோயில் அமுதுபடிக்கென்று நெல்லைக் கூடு கட்டிச் சேர்த்து வைத்துவிட்டுப் போருக்குப் போகிறார். தொடக்கூடாது என்று உறவினரிடம் சொல்லியும் போகிறார். பஞ்சம் வருகிறது, அவர்கள் அந்த நெல்லை உண்டு பிழைக்கிறார்கள். திரும்பி வந்தவர் அத்தனை பேரையும் வாளுக்கு இரையாக்குகிறார். குழந்தை அந்த நெல்லை உண்ணவில்லையே என்று ஒருவர் மன்றாட, உண்டவளின் பாலைக் குடித்ததே என்று அதையும் விடவில்லை. புராணத்தின் முடிவில் இறைவன் தோன்றி எல்லோரையும் கரையேற்றுகிறான். மேசையில் இறைவனாக இருப்பவர் டி.எம்.; அவர் தோன்றவில்லை.

இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு ஏனாதிநாத நாயனார் நினைவுக்கு வந்தார். கும்பகோணத்துக்கு அருகே இன்று ஏனநல்லூர் எனப்படும் எயினனூர் அவருடைய ஊர். வாள்வித்தை பயிற்றுவித்தவர். அவரோடு போட்டியிட்டுத் தோற்ற அதிசூரன், தனியாகப் பொருதலாம் வா என்று அழைத்துவிட்டு, முன்பு ஒருநாளும் பூசாத திருநீற்றை நெற்றியில் பூசிக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வருகிறான். நெருங்கியதும் கேடயத்தை விலக்கிக் காட்டுகிறான். நீற்றைக் கண்ட ஏனாதிநாதர் இனி இவரோடு பொருவதில்லை என்று முடிவு செய்கிறார். வாளைக் கீழே போட நினைத்தவர், ஆயுதமில்லாதவரைக் கொன்றார் என்ற பழி அவனுக்கு வரக் கூடாதே என்று, வாளைப் பிடித்தபடியே போரிடுபவர் போல நின்று உயிரை விடுகிறார்.

இருவரும் போர்வீரர்கள், இருவரும் சத்தியத்திலிருந்து ஒரு நூல் பிசகாதவர்கள். ஆனால் ஆட்ட மேசையில் முதலாமவரோடு ஒரு மாலை கூட உட்கார முடியாது. இரண்டாமவரோடு ஆண்டுக்கணக்கில் ஆடலாம். கண்டிப்பின் அளவு இருவருக்கும் ஒன்றே. அதன் விலையை ஏனாதிநாதர் தம் உயிரால் கொடுத்தார். கோட்புலியார் மற்றவர் உயிரிலிருந்து எடுத்தார். பாலடினைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நடந்துவரும் சண்டைகளில் பெரும்பகுதி, சட்டம் கடுமையா இளக்கமா என்பதில் நிற்கிறது. நான் நடத்திய, பார்த்த மேசைகளில் சண்டை மூண்ட இடம் அது அல்ல. தன் வருவாயில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் பாலடினோடு யாரும் சண்டை போடுவதில்லை. கூட்டாளியின் பங்கிலும் பத்தில் ஒன்றை எடுத்துக் கொடுப்பவனோடுதான் போடுகிறார்கள். இருபது புள்ளிகளையும் நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டுச் சேற்றில் விழுந்தவரும், “உண்டு” என்று சொல்லி ரோக்கைக் காட்டிக் கொடுத்தவரும் ஒரே பாலடின், ஒரே சத்தியம். முதல் நாள் விலை அவர் உடம்பில் விழுந்தது. இரண்டாம் நாள் இன்னொருவர் கழுத்தில் விழுந்தது.

மனுநீதிச் சோழனைப் பற்றி இந்தக் குழுவில் யாராவது பேசாமல் இருக்க முடியாது. பாலடின் ஆட்டக்காரரே பேசினார். திருவாரூரில் கல்தேர் நிற்கிறதே, அவன் மகனையே விடவில்லையே என்றார். கன்றின் உயிருக்கு ஈடாகத் தன் குலத்து ஒரே மகனைக் கொடுத்தவன் என்பதால் அது அவனுடைய இழப்புத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியபுராணத்தில் தேரை ஓட்ட முதலில் பணிக்கப்பட்டவர் அமைச்சர். இளவரசன் மேல் ஓட்ட மனமில்லாமல் அவர் தம் உயிரை விட்டுவிடுகிறார். அரசன் தானே தேரேறுவது அதன் பிறகுதான். கதை சொல்லும்போது அந்த அமைச்சரைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். ஆட்ட மேசையில் அந்த அமைச்சரையும் ஒருவர் ஆடிக்கொண்டிருப்பார்.

மீண்டும் கூடியபோது

நான் முன்வைத்தவை மிகச் சில. பாலடின் ஆட்டக்காரர் தம் சத்தியத்தைத் தம் சொற்களில், தமிழில், ஒரு தாளில் எழுதி, மோதல் வந்தால் எது நிற்கும் என்ற வரிசையில் வைக்க வேண்டும். அந்தத் தாளை மற்ற மூவரும் ஆட்டத்துக்கு முன்பே படிக்க வேண்டும். சத்தியம் ஒரு விலையைக் கேட்டால், முதலில் அதைத் தம் பாத்திரமே கொடுக்க வழி உண்டா என்று தேட வேண்டும், டி.எம். அப்படியொரு வழி எப்போதும் இருக்கும்படி காட்சியை அமைக்க வேண்டும். ரோக் ஆட்டக்காரர் திரும்பி வர நிபந்தனையாக, நடந்ததை அழித்துவிட்டு ஆடலாம் என்று கேட்டார். அதை மட்டும் நான் ஆதரிக்கவில்லை. சொன்ன சொல்லை இல்லையென்று ஆக்கினால், முகாமில் சேற்றில் இழுத்ததையும் இல்லையென்று ஆக்கலாம் அல்லவா. அவர் ஏற்றுக்கொண்டார், அரை மனதோடு.

தாளில் முதல் வரி இப்படி வந்தது: என்னை நம்பி வந்தவருக்கு என்னால் கேடு வரக் கூடாது. இரண்டாவது: பொய் சொல்ல மாட்டேன், சொல்ல மறுத்தால் மறுத்ததற்கான தண்டனையை நானே ஏற்பேன். மூன்றாவது, எளியோரை வருத்துபவரை எதிர்ப்பது. நான்காவது, நீதியான அதிகாரத்துக்குக் கட்டுப்படுவது. மூன்றும் நான்கும் இடம் மாற வேண்டும் என்று டி.எம். வாதிட்டார். அதிகாரம் நீதியானதா என்று யார் தீர்மானிப்பது என்பதில் பேச்சு நீண்டு, முடிவில்லாமல் விடப்பட்டது. பழைய பதிப்புகளில் தீமையை மணம் பிடிக்கும் ஆற்றலால் காவல் தலைவன் எப்படிப்பட்டவன் என்று பாலடின் பார்த்துவிடலாம். ஐந்தாம் பதிப்பில் அந்த ஆற்றல் அசுரர், தேவர், இறந்தும் உலவுவோர் ஆகியோரை மட்டுமே காட்டும். சாதாரண மனிதனின் உள்ளத்தை அவன் மற்றவர்களைப் போலப் பேசித்தான் அறிய வேண்டும். இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து.

மார்கழியில் ஆட்டம் நீதிமன்றக் காட்சியிலிருந்து தொடங்கியது. பாலடின் தண்டனையை எதிர்த்து வாதாடவில்லை. குற்றத்தை இல்லையென்றும் சொல்லவில்லை. திருடப்பட்ட நெல்லுக்கு ஈடாகத் தன் சங்கிலிக் கவசத்தைக் கழற்றி வைத்தான். ஆட்டக்காரர் தம் தாளில் தாக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் கவச எண் 16 என்று இருந்ததைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 10 என்று எழுதினார். பெரிய வாளை இரண்டு கையாலும் பிடிப்பவர் என்பதால் கேடயமும் இல்லை. அதோடு, மீதி நெல்லைத் தேடிக் கொண்டுவர ரோக்கை அடுத்த பௌர்ணமி வரை வெளியே விட வேண்டும் என்றும், அதுவரை பிணையாகத் தான் சிறையில் இருப்பதாகவும், திரும்பி வராவிட்டால் தூக்குத் தனக்கு என்றும் கூறினான். கோட்டைத் தலைவன் ஏற்பானா என்பதற்கு டி.எம். பகடை உருட்டச் சொன்னார். 14 விழுந்தது, போதுமானதாக இருந்தது.

மந்திரவாதி ஆட்டக்காரருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. இரண்டு ஞாயிறுகள் வழக்கு மன்றத்திலேயே போய்விட்டன, அரக்கர்கள் அங்கே ஆற்றில் நீந்திக்கொண்டிருக்கிறார்கள் என்றார். நியாயமான குறை. கண்டிப்பான பாத்திரம் ஒன்று, மற்றவர்கள் கேட்காமலேயே, மேசையின் நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. அதுவும் மற்றவர்கள் கொடுக்கும் விலைதான். அடுத்த அமர்வில் பாலடின் சிறையில் இருப்பதால், அதன் ஆட்டக்காரருக்கு முகாமில் உள்ள சிறு மாந்தர் இருவரை ஆடக் கொடுத்து, கதையை ஆற்றுப் பக்கம் திருப்புவதாக டி.எம். ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆட்டுக்குட்டிக் கிழவியைப் பாலடின் ஆட்டக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டதால் கொள்முதல் நிலைய வேலை அவரை விடாது. மாசி இறுதிவரை ஆட்டம் இல்லை. விடுதலையான ரோக் திரும்பி வருமா, அந்த வழியே ஓடிவிடுமா என்பதை மாணவர் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, டி.எம்.மிடம்கூட. பாலடின் ஆட்டக்காரர் அதைக் கேட்கவில்லை என்று ரேஞ்சர் ஆட்டக்காரர் சொல்கிறார். தாளின் மூன்றாம், நான்காம் வரிகளின் வரிசை பென்சிலில்தான் இருக்கிறது.